ராகிக் காட்டில் வழி கேட்டது

1

என் மகளின் பள்ளிக்கூடத்தில் போன மாதம் பிள்ளைகளை ஒரு நாள் முழுக்க வெளியே நடக்க அழைத்துப் போனார்கள். ரப்பர்த் தோட்டம், அதைத் தாண்டிக் காடு, மலாய்க்காரர்களின் கம்பங்கள் இரண்டு மூன்று. கம்பம் என்றால் இங்கே கிராமம். காலெல்லாம் அட்டை கடித்து வீங்கிப்போய் வந்தாள். மறுநாள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். பாதி எழுதியதும் பேனாவைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அம்மா, நீ ஊர்ல இந்த மாதிரி ஜாலான் போயிருக்கியா, ஃபுல் டே?”

ஜாலான் என்றால் மலாயில் நடப்பது. அவள் தமிழ் இப்போது இப்படித்தான் இருக்கிறது. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாரம்மா. ஊரார் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறேன். என் பெண் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இது பற்றி எனக்கு வெட்கம் உண்டு. ஆனால் நான் எழுத வந்தது இந்த வெட்கத்தை இல்லை.

போயிருக்கிறேன் என்றேன். ஒரே ஒரு தடவை, உன் அப்பாவோடு, ஓசூர்ப் பக்கம். அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். சீத்தா மரங்கள் தானாக முளைத்துக் கிடக்கும் காடு, உண்ணிச்செடிப் புதர், வரப்பெல்லாம் ஆமணக்கு நிற்கிற ராகி வயல், ஒரு ஊரில் தெலுங்கும் அடுத்த ஊரில் கன்னடமும் பேசுகிற ஜனங்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவளுடைய டீச்சர் நன்றாயிருக்கிறது என்று சொன்னாராம்.

மரங்களைச் சொன்னேனே தவிர மனிதர்களைச் சொல்லவில்லை. அன்றைக்கிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. சொல்லாமல் விட்டதை ஊரில் இருக்கிறவர்களுக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அந்தக் கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து தேட வேண்டாம்.

2

நான்கு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மூவரும் கப்பலேறி ஊருக்கு வந்தோம். நான் பிறந்தது மத்தூருக்குப் பக்கத்தில். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு மலாயாவுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் முனியப்பன் ஓசூர்ப் பக்கத்து ஆள். வாலிபத்தில் தனியாக வந்தவர். தோட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தபோது, ஊரில் எனக்கு அப்பா ஒருத்தர்தான், வேறு யாரும் இல்லை என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தார். பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் இவரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். போன தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. இவர் திரும்பி வந்தார், காய்ச்சலும் எலும்புமாக. இப்போது ரயில்வேயில் கேட் காவல் பார்க்கிறார்.

மத்தூரில் என் சின்னம்மா வீட்டில் தங்கினோம். ஒரு வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் போயிற்று. இவர் தன் ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. கேட்டால் நாளைக்குப் போகலாம் என்பார். இத்தனை வருஷம் கழித்து வந்துவிட்டுப் பெற்ற அப்பாவைப் பார்க்காமல் திரும்பினால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று நான்தான் நச்சரித்தேன். கடைசியில் ஒருநாள் சரி என்றார். பெண்ணுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் காய்ச்சல் கண்டிருந்தது. அவளைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பஸ் பிடித்து ஓசூர் வந்து, சத்திரத்தில் படுத்து, விடிந்ததும் நடக்கத் தொடங்கினோம்.

மாமனாரை முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன் என்று பட்டுப்புடவை கட்டியிருந்தேன். தலை நிறைய மல்லிகை.

இவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது அந்தப் பக்கம் ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்ததாம். சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மண்மேடு மட்டும் புல் முளைத்து நீளமாகக் கிடந்தது. அதன் மேலேயே கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு இறங்கிக் காட்டுப் பாதை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டோம். அவர் கன்னடத்தில் சொன்னார். இவர் தெலுங்கில் ஏதோ பதில் சொல்லிவிட்டு, இங்கத்து மலாய்ப் பழக்கத்தில் ‘தெரிமா காசி’ என்று நன்றி சொல்லிவிட்டார். காசி என்று யாரும் இந்தப் பக்கம் இல்லையே என்று அந்த ஆள் யோசிக்க ஆரம்பித்தார். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தது அதோடு சரி.

காட்டுக்குள் போகப் போக இவர் நடை தளர்ந்தது. இரண்டு தடவை செருப்பில் முள் என்று உட்கார்ந்தார். செருப்பில் முள் இல்லை. மூன்றாவது தடவை உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

“அங்க ஒருத்தி இருக்கா,” என்றார்.

யார் என்றேன். எனக்குக் கட்டிவைத்தவள் என்றார். பெயர் மாதம்மா. இவர் மலாயா கிளம்புவதற்கு ஒரு வருஷம் முந்தித்தான் கல்யாணமாம். அவள் சிறு பெண். இரண்டு வருஷத்தில் சம்பாதித்துத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆரம்பத்தில் கடுதாசி போட்டிருக்கிறார். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு போடக் கை வரவில்லை. அப்புறம் சண்டை. சண்டை முடிந்த பிறகு, இத்தனை நாள் போடாமல் இப்போது என்னவென்று போடுவது என்று விட்டுவிட்டார். அவள் இன்னும் என் அப்பாவோடுதான் இருப்பாள் என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது என் கோலத்தைப் பற்றிய கூச்சம். பட்டுப்புடவையும் பூவுமாக ஒரு பெண்ணின் வாசலுக்கு அவள் புருஷனோடு போய் நிற்கப் பார்த்தேனே என்று உடம்பு கூசியது. மல்லிகையை உருவி உண்ணிச்செடிக்குள் எறிந்தேன். அப்புறம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்று இவர் சொன்னபோது மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் போய் அப்பாவைப் பாருங்கள், அவளிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள், நான் ஊருக்கு வெளியே நிற்கிறேன் என்றேன்.

3

இதற்கு நடுவில் இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாடு சுதந்திரம் அடைந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. போன வருஷம் இவரும் நானும் போய் வரிசையில் நின்றோம். மலாய்க்காரப் பையன் ஒருவன் மேஜையில் உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். மரியாதையான பையன். மற்றவர்களிடம் கேட்பதைப் போலவே இவரிடமும் மனைவி எத்தனை என்று கேட்டான். அவர்களிடத்தில் அது சாதாரணக் கேள்வி.

எனக்குப் பின்னால் நின்ற கும்பகோணத்துக்காரர் சிரித்துக்கொண்டே, நம்மவர்களிடம் இதைக் கேட்கலாமா என்று தமிழில் சொன்னார். இவர் ஒன்று என்று சொன்னார். பையன் எழுதிக்கொண்டான். அந்தப் பதில் உண்மைதான். அது எப்படி உண்மையாயிற்று என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4

காட்டைவிட்டு வெளியே வந்ததும் ராகி வயல்கள். ஆவணி மாதம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவருக்கு வழி குழம்பிவிட்டது. முன்பு இருந்த ஏரிக்கரைப் பாதையை யாரோ உழுது வயலோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். வரப்பு ஓரமாக இருந்த ஒரு பெண்ணிடம் ஊர்ப்பெயரைச் சொல்லி, இந்தப் பக்கம்தானே அம்மா என்று கேட்டார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கறுத்து ஒல்லியான முகம், கழுத்தில் மஞ்சள் கயிறு. இவரைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். களைக்கொத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, “வாங்க, நானே காட்டறேன்” என்று முன்னால் நடந்தாள்.

மற்றப் பெண்கள் கண்ணுக்கு மறைகிற வரை அவள் பேசவில்லை. ஒரு புங்கமரத்தடியில் நின்று திரும்பினாள்.

“என்னத் தெரியலீங்களா?” என்றாள்.

இவருக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வழி கேட்டது மாதம்மாவிடம். எனக்கு அவள் நின்ற விதத்திலேயே விளங்கிவிட்டது. இவர் மட்டும் இன்னும் அவள் முகத்தில் தேடிக்கொண்டே நின்றார். அவளும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தாள். பிறகு தன் பெயரை அவளே சொன்னாள். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அவள் அழவில்லை, திட்டவில்லை. ஊருக்குள் போக வேண்டாம் என்றாள்.

சண்டை முடிந்த வருஷம் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் சயாமிலிருந்து வந்தானாம். முனியப்பனைக் காலராவில் செத்தவர்களோடு குழியில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னானாம். ஊர் கூடிக் கருமாதி செய்தது. மாதம்மா தாலியைக் கழற்றி மூன்று வருஷம் இருந்தாள். பிறகு மாமனாரே ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, அவளைத் தன் மகளைப் போல அவளுடைய அத்தை மகன் திம்மராயனுக்குக் கட்டிக்கொடுத்தார். இரண்டு பிள்ளைகள். பெரியவர் தன் வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு வேளையும் இவள்தான் களியும் சாறும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

“நீங்க இப்ப உசுரோட உள்ள வந்தா நான் யாருங்க? எம் பசங்க யாரு பசங்க?” என்றாள். “நாலு பேரு கூடி நாயம் பேசுவாங்க. என் வீட்டுக்காரரு நல்ல மனுசன். அவரு தல குனியக் கூடாது.”

இவர் கைகட்டி நின்றார். வேலைக்கு வந்த ஆள் எசமான் முன்னால் நிற்பது போல. அப்பாவை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

மாதம்மா யோசித்தாள். பெரியவருக்குக் கண்ணில் சதை படர்ந்து வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது, காதும் பாதி என்றாள். “பாருங்க. ஆனா மகனா பாக்காதீங்க. மலேயாவுல கூட வேல செஞ்ச ஆளுன்னு வாங்க. நான் சொல்லிக்கறேன்.”

நான் வெளியிலேயே நிற்கிறேன் என்றேன். அவள் என் பக்கம் திரும்பி, “நீயும் வா தங்கச்சி. அவரால பேச முடியாது” என்றாள்.

வேலிக்காட்டு ஓரமாகச் சுற்றி, வீட்டுப் பின்பக்கம் அழைத்துப்போனாள். ஊர் ஜனங்கள் வயலில் இருந்த நேரம். பெரியவர் மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். இவருக்கும் அவருக்கும் ஒரே நெற்றி. மாதம்மா அவர் காதருகே குனிந்து, மலேயாவிலிருந்து மகனோடு வேலை செய்தவர் பெண்சாதியோடு வந்திருக்கிறார் என்று சத்தமாகச் சொன்னாள்.

அவர் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். தோள்துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். எங்களை உட்காரச் சொன்னார். பிறகு, தன் பையன் எப்படிப் போனான் என்று இதுவரை யாரும் விவரமாகச் சொல்லவில்லை என்றார். குழியில் போட்டார்கள் என்று மட்டும் ஒருத்தன் சொன்னான்.

நான்தான் சொன்னேன். காய்ச்சல் வந்தது, இரண்டு நாளில் முடிந்தது, வலி ரொம்ப இல்லை என்று சொன்னேன். ஐயா, ஐயா என்று கூப்பிட்டேன். மாமா என்று கூப்பிட வேண்டியவரை.

“மாதம்மாவப் பத்தி எதனா சொன்னானாம்மா?” என்று கேட்டார்.

எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார் என்றேன். தண்ணீர் மொண்டுகொண்டிருந்த மாதம்மாவின் கை நின்றது.

அடுத்து அவர் கேட்டது இது. “மண்ணு சரியா மூடினாங்களா? நாயி நரி இழுக்காம?”

அது அவர் வருஷக்கணக்காக நெஞ்சில் வைத்திருந்த கேள்வி என்று குரலிலேயே தெரிந்தது. அதற்குச் சந்தேகமில்லாத ஒரு பதிலைக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் சொன்னேன்.

“நல்லா மூடினாங்கய்யா. இவருதான் மண்ணு தள்ளினாரு.”

பெரியவர் கையை நீட்டினார். இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாதம்மா இவர் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள். பெரியவர் இவருடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு தரம் இல்லை, பல தரம். என் மகனுக்கு நான் செய்ய வேண்டியதை நீ செய்தாய், உன் பிள்ளை குட்டி நல்லாயிருக்கும் என்றார். இவர் தோள் குலுங்கியது. கூட இருந்தவன் இல்லையா, அதனால் அழுகிறான் என்று பெரியவரே மாதம்மாவிடம் சொன்னார்.

கையை விடாமலேயே கேட்டார்: “உனக்கு அப்பன் இருக்கறாரா?”

“இருக்கறாருங்க.”

“போயிப் பாத்தியா?”

“பாத்துட்டேனுங்க,” என்றார் இவர்.

நல்லது செய்தாய் என்று சொல்லிக் கையை விட்டார்.

5

மாதம்மா எங்களோடு மண்மேடு வரைக்கும் வந்தாள். இவர் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒரு பெண் என்றேன். என் காதுத் தோட்டைக் கழற்றி அவளிடம் கொடுக்கப் போனேன். எதற்கு என்று கேட்டாள். எதற்கென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி மாட்டிக்கொண்டேன். நடந்துகொண்டே மாட்டியதில் திருகாணி விழுந்துவிட்டது. அவளே குனிந்து புல்லில் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

“ஒண்ணு மட்டும் நீ சொல்லியிருக்க வேணாம் தங்கச்சி,” என்றாள். “மத்ததெல்லாம் அந்தக் கெழவனுக்காக சொன்ன. சரி. எப்பவும் என்னப் பத்தியே பேசினாருன்னு சொன்னியே, அது எனக்காக சொன்ன. எனக்கு வேணாம். நான் அழுது முடிச்சி ரொம்ப நாளாச்சி.”

மன்னித்துக்கொள் அக்கா என்றேன். பொழுது சாய்வதற்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள், யானை இறங்குகிற காலம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். மற்றவர்கள் தேடுவார்கள் என்று கொஞ்சம் வேகமாகவே நடந்தாள்.

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி இந்த மனிதர் மேல் வேறு யாருக்கும் பாத்தியம் இல்லை, என் வீடு என் வீடுதான் என்கிற நிம்மதி. அவள் தாலி இல்லாமல் இருந்த மூன்று வருஷமும் என் கழுத்தில் தாலி இருந்தது. பெரியவர் நாய் நரியை நினைத்துத் தூங்காத ராத்திரிகளில் இவர் என் பக்கத்தில் படுத்திருந்தார். அதெல்லாம் தெரிந்த பிறகும், அன்றைக்கு அந்த மேட்டில் நின்று நான் நிம்மதிப்பட்டேன். இவர் செய்தது இவரோடு. இது என்னுடையது. என் பெண்ணிடம் மரங்களைப் பற்றி மட்டும் பேசியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஓசூர் பஸ் நிலையத்தில் இவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். மத்தூரில் சின்னம்மா, மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். நல்லாயிருக்கிறார், என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று என்றேன்.

6

கோபம் பிறகு வந்தது என்று சொன்னேன். கப்பலில் வந்தது, ஒரு வருஷம் இருந்தது, மெல்லத் தணிந்தது. இவர் கெட்ட மனிதர் இல்லை. மழையானாலும் வெயிலானாலும் ரயில் வருகிற நேரத்துக்குக் கேட்டை மூடிக் கொடியைப் பிடித்து நிற்கிறார். பெண்ணை அடித்ததில்லை. குடிப்பதில்லை. அந்த நாளைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை.

இந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு எங்கள் லைன் வீடுகளில் இருக்கிற நம்மவர்கள் எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். சேர்ந்து கூப்பிட்டதால் நாங்களும் போனோம். கோயில் பண்டாரம் கரையில் இலை போட்டு, ஒவ்வொருவராக உட்காரவைத்து எள்ளும் தண்ணீரும் விடச்செய்துகொண்டிருந்தார். இவர் முறை வந்தது. உட்கார்ந்தார். பண்டாரம் இவர் உள்ளங்கையில் எள்ளைப் போட்டுவிட்டு அப்பா பெயரைக் கேட்டார். சொன்னார். அப்பா இருக்கிறாரா, காலமாகிவிட்டாரா என்று கேட்டார்.

அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. அந்த ஊரிலிருந்து எங்களுக்கு எந்தச் சேதியும் வராது. மாதம்மா எழுத மாட்டாள், எழுதவும் கூடாது. பெரியவர் போன மாதம் இறந்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன்பே இறந்திருக்கலாம். இப்போதும் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கலாம். செத்துப்போன மகனுக்கு அப்பா இறந்த சேதியை யார் அனுப்புவார்கள்?

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். பண்டாரம் மறுபடி கேட்டார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

இவர் எழுந்தார். மூடிய கையோடு வரிசையைத் தாண்டிக் கரைமேல் ஏறிப் போனார். எள்ளைத் தண்ணீரிலும் விடவில்லை, கீழேயும் போடவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் கையைத் திறந்தார்.